வெனெத்தாவின் சவ ஊர்வலம்

வெனெத்தா இறந்துபோன செய்தி வெனெத்தாவுக்கே தெரிய வந்தது ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு. இருட்டு விலகும் முன்பிருந்து ரொட்டி வரிசையில் கால் கடுக்க நின்று, கிடைத்த அரை ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவள், தன் வீட்டுக் கதவில் தன் முகமே கறுப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதைக் கண்டாள். 'எங்கள் அன்புக்குரிய வெனெத்தா இலியேவா, வயது 49, திடீரென நம்மை விட்டுப் பிரிந்தார். இறுதி ஊர்வலம் புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும். துயருறும் உற்றார், உறவினர்.'

முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளுக்கு நாற்பத்தேழு வயதுதான். கட்டத்தின் கோடு மெலிசு. சிலுவை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. படத்தை ஒட்டிய இடத்தில் ஓரம் நிழலாக விழுந்திருந்தது. தன் கடையில் இப்படி ஒரு தாள் வெளியே வந்திருந்தால் அதைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு அடித்திருப்பாள்.

அதுதான் அவள் தொழில். பஸ் நிலையத்தை ஒட்டி, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய அளவுக்கு ஒரு நகலெடுக்கும் கடை. பிறப்புச் சான்றிதழ், பட்டா, மருந்துச் சீட்டு எல்லாம் நகலெடுப்பாள். ஆனால் அடுப்பு எரிந்தது அஞ்சலித் தாள்களால்தான். எங்கள் ஊரான டோல்னி பிரெக்கில் ஒருவர் செத்தால், அவர் முகம் தாளில் ஏறி வீட்டுக் கதவு, பஸ் நிறுத்தம், வேலை செய்த இடம், தெருமுனை மரம் என்று ஊரைச் சுற்றி வரும். நாற்பதாம் நாள் ஒரு முறை, ஆறாம் மாதம் ஒரு முறை, வருஷம் திரும்பும்போது ஒரு முறை. ஒட்டியதை யாரும் கிழிக்க மாட்டார்கள். மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். கிழித்தவனின் பெயர்தான் அடுத்த தாளில் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தக் காலத்தில் தேவாலயத்துக்கே பூட்டுப் போட்ட கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கள்கூட இதில் கை வைத்ததில்லை.

இந்த நம்பிக்கையைத்தான் வெனெத்தா ஒன்றரை வருஷமாகக் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் லூபென் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஆற்றில் மேலே, எல்லைக்கு அப்பால் போர் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே எண்ணெய் விற்கக் கூடாது என்று உலகமே தடை போட்டிருந்தது. தடை போட்டால் விலை ஏறும், விலை ஏறினால் எங்கள் ஊருக்கு வண்டிகள் வரும். மூன்று டேங்கர் லாரிகளுக்குப் பால் வண்டி என்று முத்திரை குத்தித் தரச் சொன்னார்கள். லூபென் கொஞ்சம் வாய்த்துடுக்குக்காரன். மாடு மண்ணெண்ணெய் கறப்பதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, முத்திரையை மேசைக்குள் வைத்துப் பூட்டினான். மூன்றாம் நாள் அவனை டான்யூப் நதியிலிருந்து எடுத்தார்கள். மாரடைப்பு, வழுக்கி விழுந்துவிட்டார் என்று டாக்டர் எழுதினார். எழுதும்போது அவர் தலையே நிமிரவில்லை.

யார் செய்தது என்று ஊருக்கே தெரியும். ஜனநாயகம் வந்தபோது எங்களுக்கு அதோடு முதலில் வந்து சேர்ந்தவன் காமென். நசுங்கிய காதோடு அரசாங்க விளையாட்டுப் பள்ளியில் மல்யுத்தம் பழகியவன். பள்ளிக்கு அரசு கஞ்சி ஊற்றுவதை நிறுத்தியதும், தலைமை ஆசிரியர் தேர்தலில் நின்று மேயரானார். அவரிடம் படித்த பயில்வான்கள் காப்பீட்டுக் கம்பெனி தொடங்கினார்கள். கம்பெனியின் பெயர் 'கரடி'. கடைக் கண்ணாடியில் கரடிப் படம் ஒட்டினால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, ஒட்டாவிட்டால் ஒரு வாரத்துக்குள் உடையும். காப்பீடு என்ற சொல்லை அவர்கள் பொய்யாக்கவில்லை, அந்த மட்டுக்கும் நேர்மை.

லூபெனை அடக்கம் செய்தபோது வந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் குழி தோண்ட வந்தவர்கள். பாதிரியாருக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டிக்கொண்டது. லூபெனின் கல்யாணத்தில் அவன் தலைக்குமேல் கிரீடம் பிடித்து நின்ற மின்ச்சோ, எங்கள் வழக்கப்படி கூடப் பிறந்தவனுக்கும் மேலானவன், அவனும் வரவில்லை. வெனெத்தாவுக்கு அன்று அழுகை வரவில்லை. நம் ஊரா இது என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் தாளில் வழக்கமான வாசகம்தான் இருந்தது. ஆறாம் மாதத் தாளில் 'மறக்க மாட்டோம்' என்பதற்குக் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்தாள்: 'அவர் வழுக்கி விழவில்லை.' ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தது. வருஷத் தாளில், 'அவருக்கு நன்றாக நீந்தத் தெரியும்.' போன வாரம் ஒட்டிய ஒன்றரை வருஷத் தாளில் மூன்று லாரிகளின் எண்களைப் போட்டு, 'இவற்றில் பால் இல்லை' என்று எழுதிவிட்டாள். காமெனின் ஆட்கள் மரத்தடியில் நின்று அதைப் படித்ததையும், நீ கிழி, நீ கிழி என்று ஒருவனை ஒருவன் தள்ளிவிட்டதையும், கடைசியில் யாரும் தொடாமலே ஜீப்பில் ஏறிப் போனதையும் ரொட்டி வரிசை முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு காமென் காதுக்கும் போயிருக்கும். கிழிக்க முடியாத தாளுக்கு வேறு தாள்தான் பதில் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

வெனெத்தா தன் அஞ்சலித் தாளை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை முடி போல ஒரு கோடு. அதைக் கண்டதும் கக்கத்திலிருந்த ரொட்டி கீழே விழுந்தது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன் அவள் நகராட்சி தட்டச்சுப் பிரிவில் வேலை பார்த்தபோது, நகல் இயந்திரத்தில் சிக்கிய தாளைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். உருளையில் கீறல் விழுந்துவிட்டது. புது உருளைக்கு நகராட்சியில் வழியில்லை. அன்றிலிருந்து மேயர் ஆபீசிலிருந்து வரும் ஒவ்வொரு நகலிலும் அந்தக் கோடு உண்டு. படமும் அவளுக்குத் தெரிந்ததுதான். அடையாள அட்டைக்காகப் போலீசில் கொடுத்த படம் அது, அவளிடமே வேறு பிரதி இல்லை.

பயம் அப்போதுதான் வந்தது. காமென் அடித்து ஒட்டியிருந்தால் அது ரவுடி மிரட்டல். போலீஸ் படம் கொடுத்து, மேயர் இயந்திரம் கொடுத்து அடித்திருந்தால் அது அரசாங்க அறிவிப்பு.

கிழிப்பதற்குக் கையை உயர்த்தினாள். எத்தனை பேரிடம் எத்தனை முறை 'ஒட்டினதைத் தொடாதீங்க' என்று சொன்ன வாய் அவளுடையது, கை தாளைத் தொடாமலே இறங்கியது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள், கடையைத் திறக்கவில்லை. பெட்டியில் இரண்டு கம்பளிச் சட்டையும் லூபெனின் தொப்பியும் வைத்தாள். அந்தக் கோடு விழுந்த பழைய மேயர் ஆபீஸ் கடிதம் ஒன்றைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பிளெவென் நகரத்தில் அக்கா இருக்கிறாள். பஸ் புதன்கிழமை இரண்டு மணிக்குத்தான். எண்ணெய்க் கடத்தலில் பேர் வாங்கிய எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு டீசல் இல்லாமல் வாரத்துக்கு ஒரே ஒரு வண்டி ஓடியது.

போய்விட்டால் லூபெனின் வழக்கு முடிந்தது. இலையுதிர் காலத்தில் நீதிமன்றத்துக்குப் புதிதாக வந்திருந்த அரசு வழக்கறிஞர் திமோவா, மேயர் வீட்டு விருந்துக்குப் போகாத முதல் ஆள், மூடிக் கிடந்த கோப்பைத் தூசி தட்டி எடுத்திருந்தாள். ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "தாள் கையெழுத்துப் போடாதும்மா. கண்ணால பாத்த ஒரு ஆள் வேணும். ஜனவரி முப்பத்தொண்ணுக்குள்ள வரலன்னா, கோப்பு தலைநகர் சோபியாவுல கிடங்குக்குப் போயிரும். என் கையில இல்ல அது."

கண்ணால் பார்த்த ஆள் இருந்தான். மின்ச்சோ. ஆற்று மண் வாரும் படகில் அவன் மெக்கானிக். லூபென் செத்த அன்று படகு சுங்கப் படித்துறையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் நின்றது. தூங்கிவிட்டேன் என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். அதன் பிறகு வெனெத்தாவின் தெரு வழியாகவே வருவதில்லை, சிகரெட்டுக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு போவான். அவள் ஒரு முறை அவன் வீட்டுக்கே போனாள். கதவு திறக்கவில்லை. உள்ளே வானொலியின் சத்தத்தை யாரோ கூட்டினார்கள்.

ஆக, திங்களும் செவ்வாயும் வெனெத்தா தன் வீட்டிலேயே பிணம் போலக் கிடந்தாள். காமெனின் ஜீப் இரண்டு முறை மெதுவாகப் போனது. அஞ்சலித் தாளோ ஊர் முழுக்க, துறைமுகச் சுவர்வரை, இருந்தது. அதை அடித்த பயில்வான் புத்திசாலியல்ல, உழைப்பாளி. வெனெத்தாவின் கடையிலிருந்து போன ஏதோ பழைய தாளை முன்னால் வைத்துக்கொண்டு, புதன்கிழமை ஒரு மணி, இல்லத்திலிருந்து புறப்படும் என்பதுவரை ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதியிருக்கிறான். மிரட்டுவதற்கு இவ்வளவு தேவையில்லை என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை.

ஊருக்கு உண்மையிலேயே அவள் உயிரோடிருப்பது தெரியாதா? பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பேர் திங்கட்கிழமை ரொட்டி வரிசையில் அவளைப் பார்த்தவர்கள். அதனாலென்ன, செத்தவர்கள் எல்லாருமே அன்று காலையில் நன்றாகத்தானே இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். தாளில் போட்டிருக்கிறது, போகாவிட்டால் மரியாதையில்லை. தலைநகரில் ஒரு மாதமாக ஜனங்கள் பனியில் நின்று அரசாங்கமே ராஜினாமா செய் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேயர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, சதுக்கத்தில் கூட்டம் கூடக் கூடாது, அனுமதி இல்லாமல் நான்கு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். சவ ஊர்வலத்துக்கு மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் அனுமதி கேட்டதில்லை.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு வெனெத்தா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியைக் கதவருகே வைத்து, அடுப்பை அணைத்தாள். அப்போது வெளியே ஒரு பித்தளைக் குழல் தொண்டையைச் செருமியது. கூடவே ஒரு முரசு.

திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். முற்றத்தில் ஊரே நின்றது. சாவு வாத்தியக்காரர்கள் ஐந்து பேரும் கையில் ஊதி ஊதிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துப் பனியில் நின்றார், தொண்டைக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறது. ரொட்டிக் கடைக்காரி, பள்ளிக்கூட டீச்சர்கள், துறைமுகத் தொழிலாளிகள், கரடிப் படம் ஒட்டிய கடைக்காரர்கள், ஒட்டாத இரண்டு பேர். எல்லார் கையிலும் பூ. ஜனவரி மாதம், கடையில் பூ வாங்க யாரிடம் இருக்கிறது? ஜன்னல் தொட்டியிலிருந்து சிவப்பு ஜெரேனியத்தை வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி செத்தவர்களுக்கு இரட்டைப்படை, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. எல்லார் கையிலும் இரண்டு இரண்டாக.

லூபெனுக்கு ஏழு பேர் வந்தார்கள், எனக்கு இத்தனை பேரா என்று வெனெத்தாவுக்குத் தோன்றியது. சந்தோஷமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. பின்கதவு வழியாகப் போனால் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். பெட்டியைக் கையில் எடுத்தாள். வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்கதவால் ஓடுவது சாவதைவிடக் கேவலமாகப் பட்டது. பெட்டியை வைத்துவிட்டு முன்கதவைத் திறந்தாள்.

முரசு நின்றது. முன்வரிசையில் நின்றவள் ஸ்தானா, காமெனைப் பெற்றவள், கையில் ஒரு சட்டி. சாவு வீட்டுக்கு எடுத்துப் போகும் அவித்த கோதுமை, மேலே சர்க்கரையும் வாதுமையும். சர்க்கரை எங்கே கிடைத்தது என்று அந்த நேரத்திலும் சிலர் யோசித்தார்கள்.

"அடி பாவி," என்றாள் ஸ்தானா. "விடிஞ்சதுலேருந்து அடுப்படியில நிக்கிறேன், நீ கல்லு மாதிரி வந்து நிக்கிற?"

"மன்னிச்சுக்குங்க அத்தை. சொல்லி அனுப்ப முடியல."

"யாரு போட்டது இந்தத் தாளை?"

கூட்டத்தில் நின்ற எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். தெருமுனையில் ஜீப் நின்றது, அதன்மேல் சாய்ந்து நான்கு பயில்வான்கள். ஸ்தானா திரும்பி ஜீப்பைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். படிப்பு வராதவள்தான், ஆனால் பெற்றவளுக்கு இதைப் படிக்க எழுத்து வேண்டியதில்லை. அவள் முகம் தொங்கிப்போனது. சட்டியை வெனெத்தாவின் கையில் கொடுத்தாள். வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கேயே நின்றாள்.

ரொட்டிக் கடைக்காரிதான் முதலில் செய்தாள். தன் இரண்டு பூக்களையும் பார்த்தாள், வெனெத்தாவைப் பார்த்தாள், அதில் ஒன்றை உருவி எடுத்து வாசல் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த லூபெனின் ஒன்றரை வருஷத் தாளுக்குக் கீழே வைத்தாள். மிச்சம் ஒன்றை வெனெத்தாவின் கையில் கொடுத்தாள். "நூறு வயசு இரு," என்றாள், "இன்னிக்கு அரை ரொட்டிகூட இல்ல, அதான் சீக்கிரமே வந்துட்டேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒன்று லூபெனுக்கு, ஒன்று அவளுக்கு. சிலர் அவன் தாளுக்கு முன் தொப்பியைக் கழற்றி நின்றார்கள், சிலர் அவள் கண்ணைப் பார்க்காமலே பூவைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அன்றைக்கு வர முடியாமல் போச்சு என்று ஒரு டீச்சர் முணுமுணுத்தாள். வெனெத்தா தலையசைத்தாள். கோபப்பட வேண்டும் என்று ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாதிரியார் அருகில் வந்து, இப்போது என்ன செய்வது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பிணமில்லாமல் ஊர்வலம் போன வழக்கமில்லை என்றார்.

"ஒரு மணிக்குக் கிளம்பும்னு போட்டிருக்கு சாமி," என்றாள் வெனெத்தா. "அச்சுல போட்டதை மீறக் கூடாது. கிளம்புவோம்."

வாத்தியம் முன்னால், பாதிரியார் அதன் பின்னால், பிறகு கையில் கோதுமைச் சட்டியும் கக்கத்தில் பூக்கட்டுமாகப் பிணம். அதன் பின் ஊர். லூபெனின் பூக்களை இரண்டு கூடைகளில் அள்ளிக்கொண்டார்கள். தெருமுனையில் பயில்வான்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவர்களுக்கு யாரும் இப்படி ஒன்றுக்கு உத்தரவு கொடுத்திருக்கவில்லை. சாவு வாத்தியம் பக்கத்தில் வந்தபோது ஸ்தானா வரிசையிலிருந்து விலகி அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"சாவு போகுது. தொப்பிய எடுங்கடா."

ஒருவன் எடுத்தான். பழக்கம்தான், அவன் அம்மா அடித்துப் பழக்கியது. மற்றவர்களும் எடுத்தார்கள். தாங்களே சாகடித்த பெண் உயிரோடு தங்களைக் கடந்து போகும்வரை நான்கு பேரும் வெறுந்தலையோடு பனியில் நின்றார்கள்.

கல்லறைக்குப் போகும் வழி சதுக்கத்தைத் தாண்டித்தான். நகராட்சி ஒரு பக்கம், நீதிமன்றம் எதிர்ப்பக்கம். போலீஸ் தலைவர் இரண்டு ஆட்களோடு குறுக்கே வந்து, அனுமதி எங்கே என்று கேட்டார். சவ ஊர்வலத்துக்கு எந்த நாளில் அனுமதி கேட்டீர்கள் என்று பாதிரியார் திருப்பிக் கேட்டார். தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"சவம் எங்க?"

"முன்னால நடந்து வருது, பாக்கல?" என்றார் பாதிரியார்.

கூட்டம் சிரித்தது. ஆறு வருஷமாகக் காமெனுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ஊர், சதுக்கத்தின் நடுவில் வாய்விட்டுச் சிரித்தது. மேயர் அறையின் ஜன்னலில் திரை அசைந்தது. ஆள் வெளியே வரவில்லை. போலீஸ் தலைவர் வழி விடவுமில்லை, மறிக்கவுமில்லை. ஏதோ கீழே விழுந்ததைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

ஊர்வலம் கல்லறைப் பக்கம் திரும்பவில்லை. வெனெத்தா நீதிமன்றப் படிகளின் முன்னால் நின்றாள், அவள் நின்றதும் வாத்தியம் நின்றது. திமோவா சத்தம் கேட்டு, மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டே படிக்கு வந்தாள். வெனெத்தா கோட்டுப் பையிலிருந்து மேயர் ஆபீசிலிருந்து முன்பு வந்த ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் என் அஞ்சலித் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இடது ஓரத்துக் கோடு ஒன்றாகவே இருக்கும், அந்தக் கீறலைப் போட்டவளே நான்தான் என்றாள். திமோவா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், அவள் புருவம் ஏறியது.

"இது மிரட்டலுக்கு சாட்சி," என்றாள். "இதுக்கு இன்னிக்கே வழக்குப் போடுறேன். ஆனா உங்க வீட்டுக்காரர் விஷயம் வேற. அதுக்கு நான் அன்னிக்குக் கேட்டது இன்னும் வரலியேம்மா."

வெனெத்தா திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. கூட்டத்தின் கடைசியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்க் கறை படிந்த நீலக் கோட்டோடு ஒருவன் நின்றான். கையில் இரண்டு வெள்ளைப் பூ. வீட்டு வாசலுக்கு அவன் வந்திருக்கவில்லை, வழியில் எங்கேயோ சேர்ந்திருக்கிறான். எல்லாரும் பூக்களைக் கொடுத்துவிட்ட பிறகு, இன்னும் இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன் ஒருவன்தான்.

மின்ச்சோ நடந்து வந்தான். கூட்டம் தானாக விலகியது. அவள் முன்னால் வந்து நின்று இரண்டு பூவையும் நீட்டினான்.

"இது ரெண்டும் லூபெனுக்கு," என்றான். "உனக்கு நான் எதுவும் கொண்டு வரல, தங்கச்சி."

"பரவால்ல அண்ணே."

"பரவால்லன்னு சொல்லாத. கேளு. துறைமுகச் சுவத்துல உன் தாளப் படிச்சேன். ஒரு நிமிஷம் நம்பிட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? அழுகை வரல. நிம்மதி வந்துச்சு. அப்பாடா, இனிமே இதப் பத்தி யாரும் என்னக் கேக்க மாட்டாங்கன்னு." அவன் கையின் பின்பக்கத்தால் மூக்கைத் துடைத்தான். "ரெண்டு நாளா சோறு இறங்கல. இப்படிப்பட்ட ஒருத்தனா நான் சாகக் கூடாது. நான் தூங்கல, வெனெத்தா. முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் சட்டியை அவன் முன்னால் நீட்டினாள். அவன் ஒரு கை அவித்த கோதுமையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வழக்கப்படி சொன்னான், "ஆண்டவன் லூபென மன்னிக்கட்டும்." பிறகு, "என்னையும்," என்றான்.

அவன் படியேறினான். அவன் உள்ளே இருந்த ஒரு மணி நேரமும் ஊர் கலைந்து போகவில்லை. சட்டி கை மாறி மாறிச் சுற்றிக் காலியானது. வாத்தியக்காரர்கள் குளிர் தாங்காமல் சாவுப் பாட்டை விட்டுவிட்டுக் கல்யாணப் பாட்டு ஒன்றை ஊதினார்கள், பாதிரியார் காதில் விழாத மாதிரி நின்றார். ஸ்தானா படியின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெனெத்தா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மின்ச்சோ வெளியே வந்தபோது கட்டை விரலில் மை இருந்தது. பின்னால் வந்த திமோவா எல்லாருக்கும் கேட்கும்படி, கோப்பு கிடங்குக்குப் போகாது, கரடிக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் பெயரில் இன்றைக்கே பிடி ஆணை போகிறது என்றாள். ஸ்தானா எழுந்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தன் அவனா?" என்று கேட்டாள். திமோவா ஆமாம் என்றாள். "வீட்டுலதான் இருப்பான்," என்றாள் ஸ்தானா. "மத்தியானம் தூங்குவான்." தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் வழியே போனாள்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ரொட்டி அடுத்த வாரமும் அரைதான். மேயர் நாற்காலியை விட்டு இறங்க இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் மறுநாள் காலை ஊரின் கடைக் கண்ணாடிகளில் பாதியில் கரடியைக் காணோம். அஞ்சலித் தாளைத்தான் கிழிக்கக் கூடாது, கரடியைக் கிழிக்கலாம் என்று ரொட்டிக் கடைக்காரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊர்வலம் நடந்த அந்தப் புதன்கிழமை மாலையே, வெளிச்சம் இருக்கும்போது, வெனெத்தா இரண்டு கூடைகளையும் கல்லறைக்கு எடுத்துப் போனாள். மின்ச்சோ ஒரு கூடையைச் சுமந்து வந்து வைத்துவிட்டு, அவள் தனியாக இருக்கட்டும் என்று வெளியில் போய் நின்றான். அவள் பனியைக் கையால் தள்ளி, பூக்களை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தாள். லூபெனிடம், ஊர் வந்திருக்கு பாரு, கொஞ்சம் லேட்டு, என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் ஒன்றரை வருஷத்து அழுகை வந்தது, அழுதாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு வைத்த பிறகு கூடையில் ஒரு பூ மிஞ்சியது. இறந்தவனுக்கு ஒற்றைப்படை ஆகாது. அவள் அதைத் தன் கோட்டுப் பொத்தான் துளையில் செருகிக்கொண்டு எழுந்தாள்.